பொய் சொல்லத் தெரிந்தவர்கள் தேவை: நாகர்கோவிலில் ஒரு கதையாட்ட நாள்

வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பழைய புத்தகங்கள் விற்கும் கடை ஒன்றின் மாடியில், மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கதையாட்டம் நடக்கிறது. காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடியும் இந்த ஆட்டத்தில் நான்கு பேருக்குத்தான் இடம். ஆளுக்கு 450 ரூபாய் வாங்குகிறார்கள். இரண்டு முறை கட்டன்சாயாவும் நடுவில் ஒரு தட்டு ரசவடையும் அந்தத் தொகைக்குள் அடக்கம்; மதியச் சாப்பாடு அவரவர் பொறுப்பு. போன மாதம் ஒரு ஞாயிறு முழுவதையும் அங்கே கழித்துவிட்டு வந்தேன். இந்த மாவட்டத்தில் பொழுதுபோக்கு என்று காசு கொடுத்துச் செய்பவற்றில் இது மாதிரி ஒன்றை இதற்கு முன் நான் கண்டதில்லை என்பதால், நல்லதும் கெட்டதுமாகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கதையின் அடிப்படை இது: ஒரு காலத்தில் பூமியையே நடுங்கவைத்து, பிடிபட்டு, தண்டனை முடித்து, இனித் தப்பு செய்ய மாட்டோம் என்று எழுதிக்கொடுத்து வெளியே வந்த நான்கு மகாவில்லன்கள், தூதுக்குழு என்ற பெயரில் வேற்றுக்கிரகம் ஒன்றுக்கு அனுப்பப்படுகிறார்கள், அங்கே ஆளுபவர் இறந்து மூன்று நாளாகியிருக்கிறது, அடுத்து யார் என்பதில் எட்டு வீட்டார் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஆட வருகிற நால்வரும் ஆளுக்கொரு வில்லனாக இருந்து பேசவும் முடிவெடுக்கவும் வேண்டும். உலகத்தையும் மற்ற எல்லா மாந்தரையும் கதைசொல்லி ஒருவரே தாங்குகிறார். இந்த வகை ஆட்டத்தின் முன்னோடி 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதில் பலமுகப் பகடைகள் பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கும். இங்கே பகடை அரிதாகவே உருள்கிறது. பெரும்பாலானவற்றைத் தீர்மானிப்பது ஒரு நகைத்தராசு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திருந்திய வில்லன் என்றதும் இது ஏதோ இப்போதைய ஆங்கிலப் படங்களைப் பார்த்து எடுத்த யோசனை என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். கதைசொல்லி அந்த எண்ணத்தை முதல் ஐந்து நிமிடத்திலேயே கலைத்தார். 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழில் வெளிவரத் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய அந்தச் சித்திரக்கதையில் லூயிஸ் கிராண்டெல் என்ற அந்த மனிதர் மின்சாரம் பாய்ந்து உடல் மறையும் சக்தி கிடைத்ததும் முதலில் செய்தது குற்றங்களைத்தான். அரசாங்கத்துக்கு உளவாளி ஆனது அதற்குப் பிறகு. எண்பதுகளில் லயன் காமிக்ஸ் வழியே வந்த ஸ்பைடரும் குற்றப் பேரரசனாகத் தொடங்கிக் குற்றவாளிகளை வேட்டையாடப் போனவன்தான். அவன் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். சிவகாசியில் அச்சான அந்தச் சிறு புத்தகங்களை வகுப்பில் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்த தலைமுறைக்கு வில்லன் திருந்துவது புதிதே இல்லை. அவன் திருந்தியபின் ஊர் அவனை என்ன செய்கிறது என்ற கேள்வியை அந்தப் புத்தகங்கள் அதிகம் கேட்டதில்லை. இந்த ஆட்டம் அதைத்தான் ஆறு மணி நேரமும் கேட்கிறது.

கிரகத்துக்கு நிலைச்சுடர் என்று பெயர். தன் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றுகிற உலகம் அது. நம் நிலவு நமக்கு ஒரே பக்கத்தைக் காட்டுகிறதல்லவா, அதே சங்கதி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியைச் சுற்றும் கோள் ஒன்றை 2016-இல் அறிவித்தார்கள், சுமார் 4.2 ஒளியாண்டுத் தொலைவில், 11 நாட்களுக்குச் சற்று மேலான காலத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும் அளவுக்குத் தன் சூரியனை ஒட்டிக்கொண்டிருப்பதால், அதுவும் இப்படி முகம் திருப்பாத கோளாக இருக்கக்கூடும் என்று கருதுகிறார்கள். கதைசொல்லி அந்தக் கோளை மாதிரியாகக் கொண்டதாகச் சொன்னார். ஒரு பக்கம் தீராத வெயில், மறு பக்கம் தீராத பனி, இரண்டுக்கும் நடுவே வளையமாக ஓடும் அந்திவரையில் மட்டும் குடியிருப்பு. பனிப்புறத்தில் உருகி வரும் நீரை வெயிற்புறத்து வயல்களுக்குத் திறந்துவிடும் ஒரே மதகு அந்த வளையத்தில் இருக்கிறது. மதகு யார் கையிலோ, நாடு அவர் கையில். பேச்சிப்பாறை அணை எப்போது திறக்கும் என்று காத்திருந்து பழகிய மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் மேசையில் யாரும் விளக்கம் கேட்கவும் இல்லை.

உலகம் அழகாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். எனக்கு வந்த பாத்திரம் நிழலாண்டி. நிழல்களைப் பிடித்து முறுக்கி ஆயுதமாக்கத் தெரிந்தவன். அந்திவரையில் சூரியன் எப்போதும் தொடுவானத்தில் நிற்பதால் எல்லா நிழலும் நீளமானவை, நகராதவை. எனவே அங்கே என் பலத்துக்கு அளவில்லை. வயல்களை நோக்கி வெயிற்புறத்துக்குள் போகப் போக நிழல் சுருங்கிக்கொண்டே வரும், நானும் சுருங்குவேன். பனிப்புறத்தில் நிழலே கிடையாது. ஆக, என்னைக் கட்டிப்போட நினைத்த வீட்டார் எவரும் சண்டைக்கு வரவில்லை. ‘வயலைப் பார்வையிட வாருங்கள்’ என்று மரியாதையாக விருந்துக்கு அழைத்தார்கள். அழைப்பின் பொருள் புரிய எனக்குக் கால் மணி நேரமாயிற்று.

இந்த ஆட்டத்தின் உயிர், அந்த உலகத்து மக்களின் தோலில் இருக்கிறது. மனத்தில் என்ன ஓடுகிறதோ அது நிறமாகத் தோலில் ஏறிவிடும். ஆகவே அவர்களால் நேருக்கு நேர் பொய் சொல்ல முடியாது. குளச்சலில் கரையேறும் கணவாய் மீனைப் பார்த்துக் கதைசொல்லிக்கு இந்த எண்ணம் வந்ததாம். கணவாயின் தோலில் நிறமிப் பைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றைத் தசைகள் இழுத்து விரிப்பதும் விடுவதுமாக நொடியில் நிறம் மாறிவிடும். இத்தனை வண்ணம் காட்டுகிற அந்த உயிருக்கு நிறம் பிரித்தறியும் கண் இல்லை என்றே அறிஞர்கள் சொல்கிறார்கள். இந்த இரண்டாவது தகவலையும் கதைசொல்லி வீணாக்கவில்லை. நிலைச்சுடர் மக்களுக்குப் பிறர் தோல் தெரியும், தன் தோல் தெரியாது. நான் காட்டிக்கொடுக்கப்பட்டுவிட்டேனா என்று அறிய ஒவ்வொருவரும் எதிரே இருப்பவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட அவையில் சதி செய்வது எப்படி? பொய் சொல்லத் தெரிந்த ஆட்களை வெளியிலிருந்து தருவிக்க வேண்டியதுதான். தூதுக்குழு என்று கௌரவமாக அழைக்கப்பட்ட நால்வரும், தாங்கள் வரவழைக்கப்பட்டது திருந்தியதற்காக அல்ல, திருந்துவதற்கு முன் கற்றிருந்த தொழிலுக்காக என்பதை முதல் மணி நேரத்திலேயே தெரிந்துகொள்கிறார்கள்.

அங்கேதான் தராசு வருகிறது. பழைய நகைக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிறு தராசு ஒன்று மேசை நடுவில் நிற்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு வெற்றிலைச் செல்லம் தருகிறார்கள். அதற்குள் ஏழு சோழிகளும் ஒரு பிடி மஞ்சாடி விதைகளும் இருக்கும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் ஒரு சோழி உங்கள் பெயரில் இடத் தட்டில் விழும். பொய் சொன்னாலோ, உங்கள் பழைய குற்றம் ஒன்றை யாராவது அவையில் அம்பலப்படுத்தினாலோ, வலத் தட்டில் மஞ்சாடி விழும். அவை கூடும்போதெல்லாம் தராசைத் தூக்கிப் பிடிப்பார்கள். முள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்து உங்கள் சொல் ஏறும் அல்லது ஏறாது. ‘இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி’ என்பது பொன் நிறுத்த பழைய கணக்கு. மஞ்சாடி எடையில் மிகச் சிறியது. ஒரு நடுத்தரச் சோழி நான்கைந்து மஞ்சாடியைத் தூக்கிவிடும். ஆக, காப்பாற்றிய ஒரு வாக்கு பழைய குற்றம் நான்கை மறைக்கும் என்பது விதிப்புத்தகத்தில் எங்கும் எழுதப்படாமலே ஆட்டத்துக்குள் இருக்கிறது. இதை யோசித்துச் செய்தவருக்கு என் வணக்கம்.

ஆனால் யோசிக்காமல் விட்டதும் இதில்தான் இருக்கிறது. எங்களோடு ஆடியவர்களில் ஒருவர் பதிவுத்துறையில் ஓய்வுபெற்றவர்; எழுபதை நெருங்கியவர்; அவருக்கு வந்த பாத்திரம் ஊமைவெடி, சத்தமில்லாத குண்டுகள் செய்தவன். மூன்றாவது அவையில் அவர் ஐந்து மஞ்சாடி பழியோடு வந்தும் முள் அவர் பக்கமே சாய்ந்தது, அதுவும் ஒரே ஒரு சோழிக்கு. மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவன் அந்தச் சோழியை எடுத்துத் தன் சோழியோடு உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “பாட்டா, இது களவாக்கும்!” என்றான். பெரியவர் அசையவில்லை. “சோழி ஒண்ணுபோல இருக்காது மக்கா. நான் பெருசு பாத்து எடுத்தேன். அதுக்குச் சட்டத்துல தடை ஒண்ணும் இல்லியே” என்றார். கதைசொல்லி விதிப்புத்தகத்தைப் புரட்டினார், தடை இல்லைதான். நாற்பது வருடம் பத்திரங்களைப் படித்தவரிடம் எழுதாத விதியை வைத்து வாதாட முடியுமா? சிரித்தோம், ஆனால் விலை கொடுத்து வருகிறவர்களின் ஆட்டத்தில் எடை பார்க்காத எடைக்கற்கள் இருப்பது குறைதான். அடுத்த முறைக்குள் சோழிகளைத் தரம்பிரித்து வைப்பதாகக் கதைசொல்லி சொல்லியிருக்கிறார்.

அன்றைய நாளின் உச்சம் இரண்டாவது அவையில் வந்தது. மேசையில் நான்காவது ஆள் ஒரு செவிலியர். இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தவர். அவருக்கு வந்தது நூறுமுக நாச்சி என்ற பாத்திரம், யாருடைய உருவத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடியவள், விடுதலைப் பத்திரத்தில் இனிப் பிறர் முகம் தரிப்பதில்லை என்று கையொப்பமிட்டவள். மூன்றாம் வீட்டு மூத்தவர் அவளிடம் ஒரே ஒரு காரியம் கேட்கிறார்: இறந்துபோனவரின் உருவத்தில் அவைக்கு வந்து, ‘என் பிள்ளைகளே அடுத்து’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கைம்மாறாகப் பூமியில் அவளுடைய வழக்குகள் எல்லாம் அழிக்கப்படும். செவிலியர் வெகுநேரம் பேசவில்லை. சாயாக் குவளையை மேசையில் கால் வட்டம் திருப்பினார், மறுபடி திருப்பினார். பிறகு கேட்டார்: “உருவத்தை எடுத்தா அவருக்க தோலையும் எடுக்கணும் இல்லியா? அந்தத் தோல்ல ஓடுத நிறம் யாருக்க மனசுல உள்ளது, அவருக்கதா, எனக்கதா?”

கதைசொல்லி இதை எதிர்பார்த்திருக்கவில்லை என்பது கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்திலேயே தெரிந்தது. அவர் ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு, பால்கனிக்குப் போய்த் திரும்பி வந்து, தீர்ப்புச் சொன்னார்: தோல் அவருடையது, மனம் உன்னுடையது, நிறம் உன் மனத்தையே காட்டும். அதாவது பொய் சொல்லவென்று வேற்றுலகத்திலிருந்து வரவழைக்கப்பட்டவள், அந்த வேடத்தைப் போட்ட கணத்திலேயே அந்த அவையில் பொய் சொல்ல முடியாதவளாகிவிடுகிறாள். செவிலியர் உடனே சம்மதித்துவிட்டார். இறந்தவரின் முகத்தோடு அவைக்குப் போய், ‘நான் அவர் அல்ல, என்னை அனுப்பியது மூன்றாம் வீடு’ என்றார். தோலில் ஒரு சுருக்கமும் இல்லாத உண்மை நிறம் ஓடியது. எட்டு வீட்டுச் சதியில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் கலைந்தது. எதிர்பாராத கேள்வி ஒன்று வந்ததும் எழுதிவைத்த கதையைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், அதை விட்டுவிட்டு வரத் தெரிந்த கதைசொல்லிக்காகவே 450 ரூபாய் தகும்.

எட்டு வீடு என்றதும் இந்த மாவட்டத்து வாசகர்களுக்கு எட்டுவீட்டுப் பிள்ளைமார், அதாவது அந்நாளைய திருவிதாங்கூரில் செல்வாக்கோடு இருந்த எட்டுப் பிரபுக் குடும்பத்தார், நினைவுக்கு வந்திருப்பார்கள். கதைசொல்லி மறைக்கவும் இல்லை. திருவிதாங்கூரில் அரசுரிமை மருமக்கள் வழியில், அதாவது உடன்பிறந்தவளின் பிள்ளைகளுக்குப் போவது. 1729-இல் இராமவர்மா இறந்தபோது அவருடைய மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். மன்னரின் சொந்த மக்களான தம்பிமார் உரிமை கேட்டு நின்றார்கள், பிள்ளைமார் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். பள்ளிப் பாடம் வென்றவர் பக்கத்தைச் சொல்கிறது; நம் பக்கத்து வில்லுப்பாட்டிலோ தம்பிமாருக்காக இரங்கிப் பாடுகிறவர்களும் உண்டு. நிலைச்சுடரிலும் ஆட்சி உடன்பிறந்தவளின் பிள்ளைக்குத்தான்; இறந்தவரின் மக்கள் அதை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று கதைசொல்லி ஒருமுறைகூடச் சாய்ந்து காட்டவில்லை என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாணவன் ஆடிய பேரலை, நீரை எழுப்பத் தெரிந்தவன், கடைசிவரை இறந்தவரின் மக்கள் பக்கமே நின்றான். மதகையே உடைத்துவிடுவேன் என்று மிரட்டி, பழைய வில்லனாக மாற ஒரு அடிதான் பாக்கி என்ற நிலைக்குப் போனான். அவனைத் தடுக்க நான் இரண்டு பொய் சொன்னேன். இரண்டு மஞ்சாடி.

இந்த ஆட்டத்தை வேறு ஊரில் நடத்தினால் இப்படி இருக்காது என்று நான் நினைப்பதற்குக் காரணம் டிலனாய். 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படையோடு எதிரியாக வந்து இறங்கி, தோற்று, பிடிபட்டவர் அவர். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் அவர் சரணடைகிற காட்சியை ஓவியமாகப் பார்த்திருப்பார்கள். அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. எல்லை மாறியும் சாவி மாறாத வீடு அது. நிற்க. அந்தக் கைதியை மார்த்தாண்டவர்மா கொல்லவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். டிலனாய் ஐரோப்பிய முறையில் வீரர்களை அணிவகுக்கப் பழக்கினார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, அங்கே பீரங்கி வார்க்க உலை வைத்தார். வலிய கப்பித்தான் என்று பெயர் பெற்றார். பூமியின் வேறொரு மூலையில் இருந்த தன் ஊருக்குத் திரும்பாமலே 1777-இல் இறந்து அந்தக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார். கல்லறை மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. அவரை அனுப்பிய கம்பெனியோ 1753-இல் மாவேலிக்கரையில் திருவிதாங்கூரோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஒதுங்கிவிட்டது.

எந்தப் பீரங்கியோடு நம் கரைக்கு வந்தாரோ, அந்தப் பீரங்கிக்காகவே அவரை இங்கே வைத்துக்கொண்டார்கள். அவர் மனம் மாறியதா, வேறு வழியில்லாமல் இருந்தாரா என்பது யாருக்கும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. நிழலாண்டியாக நான் உட்கார்ந்திருந்தபோது இது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏழாம் வீட்டார் என்னிடம் நீ நல்லவனாகிவிட்டாயா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உன் நிழல் மதகின் மறுகரை வரை எட்டுமா என்றுதான் கேட்டார்கள். மதிய இடைவேளையில் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சின்ன வயதில் கோட்டைக்குள் மாடு மேய்க்கப் போனவராம். “அந்தக் கல்லறைமேலதான் தூக்குச்சட்டிய வச்சுத் திம்போம். யாருக்கதுன்னு அப்ப தெரியாது” என்றார். இப்போது அந்தக் கோட்டைக்குள் வனத்துறையின் பூங்கா இருக்கிறது, மான்கள் நிற்கின்றன.

ரசவடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூடாக வந்தது, வடை நன்றாக ஊறியிருந்தது, உப்பு ஒரு கல் கூட. சாயாவுக்கு இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, படி. செங்குத்தான மரப்படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. பெரியவர் ஏறிவந்து மூச்சு வாங்கி உட்கார ஐந்து நிமிடம் ஆயிற்று. முழங்கால் வலி உள்ளவர்களை இந்த ஆட்டத்துக்கு நான் அழைத்துப்போக மாட்டேன். மாடியறையின் மேற்குச் சன்னலுக்குத் திரை இல்லை. இரண்டு மணிக்குமேல் அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு வெயிற்புறம் என்றால் என்ன என்று கதையின் துணையில்லாமலே விளங்கும். நடுவில் அரைமணி நேரம் மின்சாரம் போனது; அதற்குக் கதைசொல்லியைக் குறைசொல்ல முடியாது, ஆனால் ஒரு கைவிசிறி வைத்திருக்கலாம்.

இரண்டாவது குறை கொஞ்சம் பெரியது. ஆட்டம் முழுவதும் பேச்சில் நடப்பதால், வாய் உள்ளவர்கள் பக்கமே அது சாய்கிறது. செவிலியர் அந்த ஒரு கேள்வியைக் கேட்கும்வரை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம், நாச்சி என்று ஒருத்தி மேசையில் இருப்பதையே மறந்துபோயிருந்தோம். மாணவன் குறுக்கே குறுக்கே பேசினான்; நானும் பேசினேன், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொருவருக்கும் முறை வைத்துக் கேட்கும் ஏற்பாடு விதிப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கிறது. கதைசொல்லி அதைச் செயல்படுத்தவில்லை. அந்த விதிப்புத்தகமே 24 பக்கத்தில் ஒளிநகல் எடுத்துத் தைத்தது. ஒற்றுப்பிழைகள் மலிந்திருக்கின்றன, 11-ஆம் பக்கம் இரண்டு முறை வருகிறது, 12 இல்லை. தராசை எப்போது தூக்க வேண்டும் என்ற விதி அந்த 12-ஆம் பக்கத்தில் இருந்ததாம்.

மூன்றாவது, முடிவு. மூன்றரை மணிக்கு அவசரம் தொடங்கிவிட்டது. நாலு மணிக்குக் கீழே கடையைப் பூட்ட வேண்டுமாம். ஐந்தரை மணி நேரம் நூல் நூலாகப் பிரித்து வைத்த சூழ்ச்சி அனைத்தையும் கடைசி அரைமணியில் கதைசொல்லி தானே கதையாகச் சொல்லி முடித்தார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பட்டத்துக்குரிய மருமகள் மதகை என்ன செய்தாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஆடப்போகிறவர்கள் அங்கேயே தெரிந்துகொள்ளட்டும். 1750-இல் மார்த்தாண்டவர்மா தன் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துத் தானும் அவருடைய தாசன் என்று ஆண்டதைப் பள்ளியில் கவனித்துப் படித்தவர்கள் முன்கூட்டியே ஊகித்துவிடுவார்கள். நான் கவனித்துப் படித்தவன் அல்ல, எனவே வாய்பிளந்து கேட்டேன். நல்ல திருப்பம். ஆனால் அந்தத் திருப்பத்துக்குப் பிறகு எங்கள் நால்வரும் என்ன செய்வோம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். மதகு கடவுளுடையது ஆகிவிட்டால், அதை எதிர்ப்பவன் துரோகி என்பதோடு பாவியும் ஆகிவிடுகிறான். பொய் சொல்ல வாடகைக்கு எடுத்த ஆட்கள் இனி யாருக்கும் தேவையில்லை. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. இவ்வளவு பெரிய கேள்வியை மேசைமேல் வைத்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார்கள். காலை 9 மணிக்கே தொடங்குவது, அல்லது எட்டு வீட்டை ஐந்தாகக் குறைப்பது, இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். எனக்கு நான்காம் வீட்டுக்கும் ஆறாம் வீட்டுக்கும் கடைசிவரை வித்தியாசம் தெரியவில்லை.

இடம்பிடிக்கும் முறையிலும் ஒரு கசப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி 200 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். முதலில் நான் கேட்ட ஞாயிற்றுக்கிழமை உறவில் ஒரு இறப்பு வந்துவிட்டதால் போக முடியவில்லை. தேதியை மாற்றித் தந்தார்கள், முன்பணத்தை மாற்றித் தரவில்லை, மறுபடி கட்டினேன். ஆக எனக்கு இந்த ஞாயிறு 650 ரூபாய். நால்வரில் ஒருவர் வராமல்போனால் ஆட்டமே நின்றுவிடும் என்ற அவர்கள் நியாயம் புரிகிறது. அப்படியானால் அதை முன்னதாக எழுதிவிட வேண்டும். வாக்கைச் சோழியாக எண்ணுகிற இடத்தில் இதை எதிர்பார்ப்பது அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

ஒருமுறை ஆடியவர் மறுபடி போகலாமா என்று சிலர் கேட்டார்கள். கதையின் மறைபொருளுக்கு இரண்டு வடிவங்கள் மட்டுமே இருப்பதாகக் கதைசொல்லியே சொன்னார். எனவே இரண்டு முறை போகலாம், மூன்றாம் முறை வீண். குழந்தைகளோடு போகலாமா என்றால், பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்து அவை அவையாகப் பேசுவது சலிக்கும். அடிதடி மிகக் குறைவு. தெரிந்தவர்கள் நால்வராகச் சேர்ந்து போவதைவிட, எங்களைப்போல் முன்பின் தெரியாத நால்வர் உட்கார்ந்தால்தான் தராசுக்கு வேலை இருக்கும். நண்பனின் பொய் எந்த நிறம் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மீண்டும் பணம் கட்டியிருக்கிறேன். பெரியவரும் கட்டியிருக்கிறார், சோழிகளைத் தரம்பிரித்துவிட்டார்களா என்று என்னிடம் இருமுறை தொலைபேசியில் விசாரித்துவிட்டார். போகிறவர்கள் கிழக்குச் சுவரை ஒட்டிய நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் தெருவில் எந்தச் சாப்பாட்டுக் கடையும் திறந்திருப்பதில்லை.